தம்பி நிறுத்திய மாத்திரை

12-8-1986, செவ்வாய்

தம்பி முருகனுக்கு மறுபடியும் மலேரியா. என் சிறுநீரகத்தை அவனுக்கு வைத்த பிறகு இது மூன்றாவது முறை. அதை உடம்பு தள்ளிவிடாமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறான். அது எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால் ரத்தத்தில் கிருமி எளிதாகப் பெருகிவிடுகிறது என்றார் போடியில் இன்று பார்த்த டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். அவன் வாங்கவில்லை.

"நாலு நாளா அதத் திங்கலக்கா. அதுனாலதான காய்ச்சல் திரும்பத் திரும்ப வருது?"

மாத்திரையை மறுபடி நீட்டினேன். "காய்ச்சலுக்கு மருந்து இருக்குப்பு. கிட்னி போச்சுன்னா என்ன செய்ய? எங்கிட்ட இருக்கது இனி ஒண்ணுதான்."

வாங்கி விழுங்கினான். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். சிறிது நேரம் கழித்து, சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டேன். முகத்தைப் பார்க்காமல் "போகுது" என்றான்.

விடிந்ததும் முதல் பஸ்சில், சிறுநீரகத்தைச் சோதிக்க மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன்.