மலட்டு மீன்

ஆடி 10, செவ்வாய்

சுருளிப்பட்டிப் பண்ணையில் இன்று ஒரு கட்லா தாய்மீன் செத்தது. முட்டை இன்னும் முற்றவில்லை, பத்து நாள் பொறுக்கலாம் என்று காலையிலேயே முதலாளியிடம் சொன்னேன்.

"பிட்யூட்டரி ஊசியப் போட்டா தானா முட்ட விடும். போடும்மா" என்றார். போட்டேன். முற்றாத முட்டையை எந்த ஊசியும் இறக்காது. சாயங்காலம் வயிறு வீங்கி மிதந்தது.

"மலட்டு மீனு, தூக்கிப் போடு" என்றவர், என்னைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிள்ளையில்லாத என்னை ஊர் என்ன சொல்கிறது என்பது அவருக்கும் தெரியும்.

"வாய் தவறிச் சொல்லிட்டாக, மனசுல வச்சுக்காத ஆத்தா" என்றார் கூட வேலை பார்க்கும் ரோசாலி அக்கா.

மீனை அறுத்தேன். வயிறு முழுக்க முட்டை.

மலடாம்.