பாட்டு சார் வாங்கிக்கொண்ட நோட்டு

1972, செவ்வாய் இரவு

நானே எழுதி, பள்ளிக்கூடப் பியானோவில் வாசித்துப் பாடிய பாட்டை இப்போது பக்கத்து ஊரான மங்கலம்பேட்டைப் பிள்ளைகள்கூடப் பாடுகிறார்கள். ரேடியோவுக்கு அனுப்ப வேண்டும் என்று பாட்டு சார் இன்று என் நோட்டைக் கேட்டார்.

"எம் பேரு போடுவீங்களா சார்?" என்றேன்.

"பேரு கெடக்குது வுடும்மா. ஆமா, நீ பியானோ வாசிக்கிறது உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். செராமிக் சூளையில் வேலை செய்யும் அப்பா, நான் பியானோ வாசிக்கும் நேரத்தில் ஸ்பெஷல் கிளாஸில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். தெரிந்தால் படிப்பையே நிறுத்திவிடுவார். என் தோழி மல்லிகாவிடம் மட்டும்தான் அப்பாவுக்குத் தெரியாது என்பதைச் சொல்லியிருந்தேன். சாருக்கு அவள்தான் சொன்னாளா?

நோட்டைக் கொடுத்துவிட்டேன். பாட்டு என்னுடையது என்று காட்ட இனி என்னிடம் ஒன்றுமில்லை.

"பயப்படாத, நான் சொல்ல மாட்டேன்" என்றார் சார். சொல்லாதீர்கள் என்று நான் கேட்கவே இல்லை.