பதினைந்தாவது மேடு

இருளர் பெரியவர் காத்தானிடம் கைநாட்டு வாங்கப் புது மைப்பெட்டியைத் திறந்தேன். அந்த வாசனையோடு நீயும் வந்துவிட்டாய். எந்நேரமும் ஊதாக் கட்டை விரலோடு அலைந்தவள் நீ. "கல்யாண வீட்டுக்காவது கழுவிட்டு வாடி" என்று கேலி செய்வேன்.

விழிதியூர் வாய்க்கால் கரை இருளர்களுக்குச் சாதிச் சான்று வாங்க இருவரும் எத்தனை நாள் நடந்தோம். ஒரு வருடம் பள்ளிச் சான்று போதும் என்றார்கள். மறு வருடம், பிழைக்க வந்தவர்கள் இல்லை, இந்த ஊர்க்காரர்கள்தான் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். பட்டா இல்லாதவர்கள் எதைக் காட்டுவார்கள்? நீ அவர்களுடைய இடுகாட்டைக் காட்டினாய். ஒவ்வொரு மண்மேட்டின் முன்னும் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாய். சொந்தக்காரர் யாராவது "இங்கதான் இருக்காங்க" என்றால்தான் பட்டியலில் ஏற்றுவாய். பதினான்கு பெயர்கள் சேர்ந்தன. "ஒண்ணு பொய்யா இருந்தா பதினாலும் பொய்யாயிடும்டி" என்பாய்.

நீ இறந்து ஐந்து மாதமாகிறது. விதி மறுபடியும் மாறிவிட்டது. அதிகாரி நேரில் வந்து மேடுகளை எண்ண வேண்டுமாம். காத்தானின் பேத்தி செல்வி நர்சிங்கில் சேர இந்த வாரத்துக்குள் சான்று வேண்டும்.

நேற்று வருவாய் ஆய்வாளர் வந்து எண்ணினார். பதினைந்து. நானும் மூன்று முறை எண்ணிப் பார்த்தேன். பதினைந்துதான்.

பட்டியலில் இல்லாத மேட்டைக் காட்டி, "இது யாருங்க?" என்றார் ஆய்வாளர்.

"எங்க வீட்டுப் பொண்ணுங்க" என்றார் காத்தான்.

"பேரை எழுதி நாளைக்குக் குடுத்துடுங்க."

அவர் போனதும் காத்தானைப் பிடித்துக்கொண்டேன்.

"அவங்க இங்க விட்டுட்டுப் போன மைப்பெட்டியத்தாம்மா பொதைச்சோம்" என்றார். "அவங்க போன மூணாம் நாள்லேருந்து மத்தியானமானா இங்க பேரு கூப்புடுற சத்தம் கேட்டுச்சு. ஒவ்வொரு பேரா. பொதைச்சப்புறம்தான் நின்னுச்சு."

எனக்குக் கோபம்தான் வந்தது. உன்னை டவுன் சுடுகாட்டில் எரித்ததை நின்று பார்த்தவள் நான். நீ வைத்த சட்டப்படி இந்த மேடு பொய். இதனால் செல்வியின் படிப்பே போய்விடலாம்.

இன்று மத்தியானம் தனியாகப் போனேன். காற்று இல்லை, வயலில் ஆள் இல்லை. பதினைந்தாவது மேட்டின் முன் நின்று, நீ கூப்பிடுவது போலவே உன் பெயரைச் சொன்னேன்.

"இங்கதான் இருக்காங்க."

பதில் மேடுகளின் பக்கமிருந்து வந்தது. ஒற்றைக் குரல் அல்ல, பல குரல்கள்.

திரும்பி வந்து உன் பெயரை எழுதினேன். காத்தான் கைநாட்டு வைத்தார். கையெழுத்துப் போடத் தெரிந்தும், சாட்சியாக நானும் கட்டை விரலை வைத்தேன். செல்வி பட்டியலோடு பஸ் ஏறிப் போயிருக்கிறாள்.

விரலில் ஊதா இன்னும் அப்படியே இருக்கிறது. நான் கழுவவில்லை.