குண்டிக்காயில் மணல்

பரளச்சி,
25.6.1993.

அன்புள்ள மகன் ஜாபேஸுக்கு அம்மா ஞானப்பூ எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இன்றைக்கு இந்த வீட்டில் மூன்று பேரும் மூச்சோடு இருக்கிறோம், பம்பாயில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் முழங்காலில் நிற்கிறேன். கடிதம் இல்லையே என்று இரண்டு கார்டு போட்டுவிட்டாய். உன் அண்ணன் இம்மானுவேல் சாகக் கிடந்தான். பிழைத்துவிட்டான், அதை முதலில் மனதில் வாங்கிக்கொள், அப்புறம் உட்கார்ந்து மீதியைப் படி.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது உன் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஐந்து லிட்டர் கேனில் பச்சையாகக் கூலண்டு கொண்டுவந்தாயே, அண்ணன் வேனுக்கு ஊற்றினால் எஞ்சின் சூடாகாது என்று. அவன், இந்த ஓட்டை வேனுக்குத் தண்ணியே போதும்லே என்று கதவு மூலையில் வைத்துவிட்டான். இந்த வருஷ வெயில் சொல்லி மாளாது. ஊருணி வெடித்துக் கிடக்கிறது, தண்ணீர் லாரி ஐந்து நாளைக்கு ஒரு தரம்தான் வருகிறது, கையில் குடமோ ஏனமோ இருக்கிறவளுக்குத்தான் தண்ணீர். எனக்கு உள்ளே இருந்தது பெரிதாகத் தெரியவில்லை, கேன்தான் பெரிதாகத் தெரிந்தது. மே மாதம் ஒருநாள் லாரி ஹாரன் கேட்டதும் உள்ளே இருந்ததைக் காலி எலுமிச்சை சர்பத் பாட்டில் நிறைய ஊற்றி மாடத்தில் வைத்துவிட்டு, மீதியை வேப்பமரத்தடியில் கொட்டி, ஒரு செம்புத் தண்ணீரில் கேனை அலசிக்கொண்டு ஓடினேன். கொட்டின இடத்தை நம் இரண்டு வெள்ளாடும் போட்டி போட்டு நக்கின. சாயங்காலம் காலைப் பின்னிப் பின்னி நடந்தன, பக்கத்து வீட்டு முத்துலட்சுமி விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் ஒன்றுமே இல்லை, ஆசையாக இலை குழை தின்றன. மூன்றாம் நாள் இரண்டும் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அசையாமல் நின்றன, மூத்திரம் பெய்யவில்லை, ஒன்று அப்படியே சாய்ந்தது. மற்றதாவது கறிக்கு ஆகட்டும் என்று கறிக்கடைச் சின்னச்சாமியைக் கூப்பிட்டேன். அவர் குண்டிக்காயைக் கீறும்போது கத்தி நறநறவென்றது. முப்பது வருசமா அறுக்கேன், குண்டிக்காய்க்குள்ள மணலப் பாத்ததில்லக்கா, இத ஒரு நாய்க்கும் போடாதீக என்று சொல்லி, கையை மண்ணில் தேய்த்துக்கொண்டே போய்விட்டார். புதைத்தோம். அந்தச் சத்தம் மட்டும் என் காதை விட்டுப் போகவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை உபவாசம், நான் ஜெபத்துக்குப் போயிருந்தேன். மத்தியானம் அண்ணன் லோடு இறக்கிவிட்டுத் தாகமாக வந்தான். உன் தங்கச்சி ஈவா மாடத்திலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்து, சர்பத் என்றுதானே அதில் ஒட்டியிருக்கிறது, தண்ணீர் கலந்து கொடுத்தாள். அவளும் உபவாசம், அதனால் வாயில் வைக்கவில்லை. அவன் நல்லா இனிக்கிதே என்று இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்திருக்கிறான். மூன்று மணிக்கு நான் வந்தேன், வாசற்படியில் உட்கார்ந்து காரணமில்லாமல் சிரிக்கிறான், நாக்குக் குழறுகிறது, எழுந்தால் விழுகிறான். உங்கப்பா இருபது வருஷம் எப்படி வந்து விழுந்தாரோ, எதைக் குடித்துச் செத்தாரோ, அதெல்லாம் ஒரு நொடியில் எனக்குத் திரும்பி வந்துவிட்டது. என் கோபம்தான் உனக்குத் தெரியுமே. விளக்குமாறு பிய்கிற வரைக்கும் அடித்தேன். ஊதுலே என்றேன், ஊதினான். வாசமே இல்லை, ஜாபேஸ். ஆனாலும் என் கை நிற்கவில்லை. நான் குடிக்கலம்மா, வேதத்து மேல சத்தியம்மா என்று அழுதான். வாசமில்லாத சாராயம் எங்கலே விக்கிறான் என்று கேட்டு, வேப்பமரத்தடியில் அவன் பாயைத் தூக்கி எறிந்துவிட்டேன்.

காலையில் தெளிந்து எழுந்தான். இடுப்பு மட்டும் வலிக்கிதும்மா என்று சொல்லிக்கொண்டு நாலு இட்லி தின்றான். தின்கிறதைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு ஆடு குழை தின்றது கண்ணுக்குள் வந்தது. மூத்திரம் போனியாலே என்றேன். நேத்துல இருந்து வரலம்மா என்றான். அப்போதுதான் ஈவாவை உலுக்கிக் கேட்டேன், அவள் பாட்டிலைக் காட்டினாள். பாட்டிலை மடியில் கட்டிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறி அங்கிருந்து மதுரைக்குப் போனோம். வழியெல்லாம் ஓடி வந்தவன் மாதிரி மூச்சு வாங்கினான்.

டாக்டரிடம் ஆட்டையும் மணலையும் சொன்னேன். அவசரமாக எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார். இந்தத் திரவம் வந்த மாதிரியே வெளிய போயிட்டா கிட்னிக்கு, அதான் நீங்க சொல்ற குண்டிக்காய்க்கு, இவ்வளவு கேடு இல்லம்மா, ஈரல்தான் அத மெதுமெதுவா விஷமா மாத்துது, அந்த விஷம் ரத்தத்துல இருக்கிற சுண்ணாம்புச் சத்தோட சேந்து ஊசி ஊசியா கிட்னியில படியுது என்றார். ஏன் ஜாபேஸ், பெற்று வளர்த்த உடம்பே உள்ளே உட்கார்ந்து தனக்கு விஷம் காய்ச்சுமா? அவன் இட்லி தின்றுகொண்டிருந்தபோதே அது உள்ளே காய்ந்துகொண்டுதானே இருந்திருக்கிறது. இன்னமும் நினைத்தால் என் வயிற்றை நானே தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். அந்த டாக்டர், சாராயம் உள்ள போனா ஈரல் அதத்தான் முதல்ல பிடிக்கும், இத விட்டுரும், அதுக்குள்ள மிஷின்ல ரத்தத்தக் கழுவிரலாம், ஒரு பிராந்தி பாட்டில் வாங்கிட்டு வாங்கம்மா என்றார்.

நான் போய் வாங்கினேன். பைபிள் வைக்கிற பையில் வைத்து எடுத்து வந்தேன். நர்ஸம்மா அளந்து கொடுத்ததை வாயருகே கொண்டுபோனால், அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். வேணாம்மா, நாந்தான் குடிக்க மாட்டேன்னு சொன்னேன்ல என்றான். நான் சோதித்துப் பார்க்கிறேனோ என்று என் முகத்தையே பார்த்தான். அவன் கையில் என் விளக்குமாற்றுத் தடிப்பு. குடிலே ராசா, அம்மா சொல்றேன் குடி என்று மூக்கைப் பிடித்து நானே ஊற்றினேன்.

ஏழு தரம் மிஷினில் போட்டார்கள். பன்னிரண்டாம் நாள் கால் டம்ளர் மூத்திரம் வந்தது, வார்டு முழுக்கக் காட்டிவிட்டு வந்தேன், பைத்தியக்காரி என்று நினைத்திருப்பார்கள். இப்போது வீட்டில் இருக்கிறான், கிட்னி பாதிதான் வேலை செய்கிறதாம், உப்புக் கூடாது, லோடு தூக்கக் கூடாது. ஈவா எந்தப் பாட்டிலையும் நாலு தரம் மோந்துதான் எடுக்கிறாள். கேனை முத்துலட்சுமி கேட்டாள், கொடுக்கவில்லை, அரிவாளால் வெட்டி ஆட்டுக் குழியிலேயே புதைத்துவிட்டேன். வேப்பமரத்தடிக்கு இன்னமும் நாய்கள் வந்து மோந்து பார்க்கின்றன, முள் வெட்டிப் போட்டிருக்கிறேன். காலையில் அவன் கொல்லைப்பக்கம் போனால் சத்தம் கேட்கிற வரைக்கும் நின்றுவிட்டுத்தான் அடுப்புப் பற்றவைக்கிறேன்.

நீ கொண்டுவந்ததால்தான் என்று அங்கே உட்கார்ந்து அழாதே. கேனுக்கு ஆசைப்பட்டது நான், ஆடு செத்தும் யோசிக்காதது நான். உன் ரூமில் எதை எதில் ஊற்றினாலும் பெயர் எழுதி ஒட்டு, வேளைக்குச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விடாதே. நேற்று அண்ணன், அன்னிக்கு நான் குடிக்கலன்னு இப்பயாவது நம்புறியாம்மா என்று கேட்டான். நான் அரிசி களைய எழுந்து போய்விட்டேன். நீ அவனுக்கு ஒரு கடிதம் போடு ராசா. நீ குடிக்கவில்லை என்று அம்மா எழுதியிருக்கிறாள் என்று அதில் எழுது. கர்த்தர் உன்னை உள்ளும் புறமும் காக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு வரும்போது வெறுங்கையோடு வா.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஞானப்பூ.