சிவப்பை மறைத்த வெள்ளி பெயின்ட்

மாப்ள,

இன்று காலை பட்டறைக்குள் நுழைந்ததுமே வெள்ளி பெயின்ட் வாசம். கண்காட்சிக்குப் போகிற வண்டிக்கு யாரோ ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்தார்கள். அது மூக்கில் ஏறியதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. லேத்துக்கும் டீக் கேனுக்கும் நடுவே நடந்தே புதுச்சத்திரத்திலிருந்து சேலம் போய்ச் சேர்ந்திருப்பேன். நீ இருந்திருந்தால், "உக்காருங்க மாமா, தரை தேயுது" என்றிருப்பாய்.

நம் பட்டறைக்கு நான் வைத்த பெயர் நினைவிருக்கிறதா? பிரம்மாவின் கிளை அலுவலகம். டிசைன் ரூமில் கம்ப்யூட்டரில் கோடாகக் கிடப்பது, மறுநாள் மத்தியானம் கையில் பொருளாக இருக்கும். முதலில் என் 3டி பிரிண்டர் மெஷினில் பிளாஸ்டிக்கில் ஒன்று. அதை வண்டியில் வைத்து அளவு பார்த்து, பொருந்தினால் உன் சிஎன்சி மெஷினில் அலுமினியத்தில் கடைந்து ஒன்று. பிளாஸ்டிக் அளவு பார்க்கத்தான், அழுத்தினால் உடைந்துவிடும்; அதனால் அதற்குச் சிவப்பு நிறம் மட்டும்தான். வண்டியில் எங்கே சிவப்பு தெரிந்தாலும் வண்டி நகரக் கூடாது. சட்டம் போட்டவன் நீ.

மீறியவன் நான். நம் பேட்டரி வண்டியைப் பார்க்க வெளியூர்ப் பெரியவர்கள் வந்த நாள். பிரேக் பெடலைத் தாங்குகிற பிராக்கெட் மட்டும் உன் மெஷினில் இன்னும் முடியவில்லை. நான் சிவப்புத் துண்டுக்கு வெள்ளி பெயின்ட் அடித்து மாட்டிவிட்டு, "காலையில வரைஞ்சோம், மத்தியானம் கடைஞ்சோம்" என்று அளந்தேன். அவர்கள் கைதட்டியது கொல்லிமலையில் மோதித் திரும்பி வந்தது. அந்த மயக்கத்தில் கழற்ற மறந்து, பரமத்தி வேலூரில் ஒரு கல்யாணத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன். மறுநாள் காலை வந்து பார்த்தால், டெஸ்ட் டிரைவர் வண்டியில் உட்கார்ந்திருக்கிறார். ஹைவேயில் ஓட்டிப் பார்க்கப் போகிறாராம்.

என் வாய் அடைத்துப்போனது. நீ வழக்கம்போல ஸ்பேனரோடு வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தாய். நாம் செய்த ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு தட்டு. டிங். டிங். டிங். பெடலுக்குக் கீழே குனிந்தாய்.

டொப்.

"எறங்குங்க சாமி" என்றாய் டிரைவரிடம். நகத்தால் சுரண்டினாய். வெள்ளிக்கு அடியில் சிவப்பு எட்டிப் பார்த்தது. மானேஜர் ஓடி வந்தார்.

"யாருய்யா இத மாட்டுனது?"

முந்தின வாரம்தான் அவர் தலையை அப்படியே பிளாஸ்டிக்கில் அச்சடித்துக் கியர் குமிழாக மாட்டி வைத்திருந்தேன். இன்னொரு குறும்பு பண்ணினால் வீட்டைப் பார்த்துப் போகலாம் என்று கடைசி எச்சரிக்கை வாங்கியிருந்தேன். நீ என் முகத்தை ஒருமுறை பார்த்தாய்.

"நாந்தானுங்க" என்றாய்.

பட்டறைக்கு இன்சார்ஜ் ஆகியிருக்க வேண்டியவன் நீ. அந்த நாற்காலி வேறொருவருக்குப் போனது. மானேஜர் பிராக்கெட்டில் ஒரு சீட்டைக் கட்டி, "மாட்டியவர்" என்று உன் பெயரை எழுதிச் சுவரில் தொங்கவிட்டார். நானே உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று எத்தனை முறை வந்து நின்றேன். "நீங்க சொன்னா எவன் நம்புவான்? போயி வேலையப் பாருங்க மாமா" என்று சிரிப்பாய். அந்தச் சிரிப்பைச் சாக்காக வைத்துக்கொண்டு நான் வருடங்களை ஓட்டினேன். அதற்குள் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

இன்று மானேஜர், புதிதாகச் சேர்ந்தவர்களை அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்தினார். "நல்ல தொழில்காரன்தான். ஆனா பாருங்க, இப்பிடி ஒரு காரியம்."

"அது நானுங்க" என்றேன்.

"ஆமாமா. போன மாசம் வானத்துல போன ஏரோப்பிளேனுக்கு இங்க நின்னே போல்ட் முடுக்குனதும் நீங்கதானுங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள். பழக்க தோஷம், நானும் பல்லைக் காட்டிவிட்டேன். மாப்ள, வாழ்நாளில் ஒரு மில்லிமீட்டர் கூட்டாமல் நான் சொன்ன ஒரே சேதி அது.

அவர்கள் டீக்குப் போனதும் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். உன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதி, கையெழுத்தும் போட்டேன். அதற்குக் கீழே "தட்டிப் பார்த்துத் தடுத்தவர்" என்று எழுதி உன் பெயரைப் பெரிதாகப் போட்டேன். இறங்கித் திரும்பினால், டம்ளரோடு மானேஜர். சீட்டைப் படித்தார். சிரிக்கவில்லை.

"நெசமாவா?"

"நெசமுங்க."

மேலே ஒரு வார்த்தை சேர்க்க எனக்கு வாய் வரவில்லை. அவர் தன் அறைக்குப் போய்விட்டார். கதவு இன்னும் மூடியே கிடக்கிறது. என்னைக் கூப்பிடுவாரா, அனுப்பிவிடுவாரா, தெரியாது. சீட்டில் மட்டும் கை வைக்கவில்லை.

கால் இன்னும் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. வெளியே வேறொரு வண்டியைச் சோதனை ஓட்டத்துக்கு நிறுத்தியிருக்கிறார்கள். உன் ஸ்பேனர் என் பாக்கெட்டில்தான் இருக்கிறது. டிரைவரை இறங்கச் சொல்லிவிட்டு, பெடலுக்குக் கீழே குனிந்து தட்டினேன்.

டிங்.

போதாது என்று இன்னொருமுறை தட்டினேன்.