லென்ஸ் இல்லாமல் வாங்கிய கமரா

கொடிகாமம்
11.02.2024

அன்புள்ள மகள் நிவேதனாவுக்கு,

நாலு வருடமாக எழுதாத அப்பன் திடீரென்று எழுதினால் உறையைப் பிரிக்கும்போதே உனக்கு நெஞ்சு இடிக்கும். பயப்படாதே, இங்கே ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

போனில் கதைத்திருக்கலாம். கதைத்தால் நீ அழுவாய், நான் கத்துவேன், மூன்றாவது நிமிடத்தில் இரண்டில் ஒருவர் வைத்துவிடுவோம். கடிதத்தில் கத்தினால் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதலாம். இது மூன்றாவது தாள்.

விசயத்துக்கு வருகிறேன். உனக்கு ஒரு டிஜிற்றல் கமரா வாங்கித் தர நினைக்கிறேன். ஏ.எல். படிக்கிற காலத்தில் நீ கேட்டாய். "படம் பிடிச்சு ஆர் பிள்ளை வீடு கட்டினது?" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு சங்கிலி வாங்கி வந்தேன். நீ வேண்டாமென்று சொல்லவில்லை. ஒரு நாளும் போடவும் இல்லை.

போன கிழமை யாழ்ப்பாண ரவுணுக்குப் போய் ஒரு கடையில் விசாரித்தேன். கடைக்காரர் இத்தனை மெகாபிக்சல், அத்தனை மெகாபிக்சல் என்று அரை மணித்தியாலம் சொன்னார். வெங்காயமென்றால் கையில் எடுத்து ஒருதரம் அமத்திப் பார்த்தே எத்தனை நாள் தாங்கும் என்று சொல்வேன். கமராவை அமத்திப் பார்த்து என்ன தெரியும்? தெரியாத சாமானை வாங்கும்போது தெரிந்த ஆளிடம் கேட்பது என் வழக்கம். எனக்குத் தெரிந்த ஆள் நீதான்.

எது பார்த்து வாங்க வேண்டும் என்று எழுது. றஜிந்தன் செவ்வாயும் வெள்ளியும் சுன்னாகம் சந்தைக்கு எங்கள் லொறியைக் கொண்டுபோகிறான். மயிலிட்டி வரைக்கும் வந்து பதில் வாங்கிப் போகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா
க. குகதாசன்


மயிலிட்டி
13.02.2024

அன்பின் அப்பாவுக்கு,

றஜிந்தன் அண்ணை வாசலில் இருக்கிறார். "தங்கச்சி, பதில் இல்லாமல் வந்தால் லொறித் திறப்பைத் தந்திட்டு வேலையை விட்டுப் போ எண்டு முதலாளி சொன்னவர்" என்று சொல்லி, இரண்டாவது தேத்தண்ணியும் குடித்துவிட்டார். தாரிகா மடியில் இருந்து பேனையை இழுக்கிறாள். எழுத்து கோணலாக இருந்தால் அது உங்கள் பேத்தியின் வேலை.

கடைக்காரர் சொன்ன மெகாபிக்சலை விடுங்கோ. அது, தேங்காயைக் குலுக்கிப் பார்க்காமல் நாரின் நீளத்தை அளந்து வாங்குகிற மாதிரி. நான் இங்கே தேவாலயத்தில் முதல் நன்மை வாங்குகிற பிள்ளைகளையும் பிறந்தநாள் வீடுகளையும் போனில்தான் படம் எடுத்துக் கொடுக்கிறேன். பொழுது பட்டால் முகமெல்லாம் கறுத்துப் போகிறது. அதனால் வீட்டுக்குள்ளே, லைற் குறைந்த இடத்தில் நன்றாக எடுக்கிற கமராதான் வேண்டும். பாரமும் கூடாது, ஒரு கையில் பிள்ளை இருக்கும். இங்கத்தைய உப்புக் காற்றுக்கு ஆணியே ஆறு மாதம் தாங்காது, ஆகவே ஈரம் போகாதபடி இறுக்கமாகச் செய்ததா என்று கேளுங்கோ. புதிதாக இருக்க வேண்டுமென்றில்லை. ஒருவர் பாவித்ததாக இருந்தால், இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று பார்க்கலாம், வாகனத்தில் மீற்றர் பார்க்கிற மாதிரி. பற்றரி இரண்டு கேளுங்கோ.

அப்பா, ஆதாயம் இல்லாமல் நீங்கள் ஒரு முருங்கைக்காயையும் கை மாற்ற மாட்டீர்கள். நான் உங்கள் மகள், எனக்குத் தெரியும். கடலுக்குப் போகிற எமிலைக் கட்டிய நாளிலிருந்து எனக்கு உங்களிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. இப்போது கமரா வருகிறது. என்ன வேண்டும் உங்களுக்கு?

இன்னொன்று. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிற வழியில் அம்மா எனக்குப் போன் எடுப்பது உங்களுக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு வெள்ளியாக எடுக்கவில்லை. ஏன்?

அன்பு மகள்,
நிவேதனா


கொடிகாமம்
23.02.2024

அன்புள்ள மகளுக்கு,

கமரா இத்துடன் வருகிறது. துணிகளுக்கு நடுவில் பெட்டியை வைத்துக் கட்டியிருக்கிறேன். நீ சொன்னதெல்லாம் கேட்டேன். ஒருவர் பாவித்ததுதான், நாலாயிரம் படம் வரைதான் எடுத்தது. பாரமில்லை. உப்புக் காற்று தாங்குமாம். பற்றரி இரண்டு.

லென்ஸோடு ஒரு விலை, லென்ஸ் இல்லாமல் ஒரு விலை என்று சொன்னார். இந்த யாவாரத்தை நான் அறியாதவனா? சாமானை வாங்க வைத்துவிட்டு, பிறகு பை, ஸ்ராண்ட், கவர் என்று ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள். "உதொண்டும் வேண்டாம், கமராவை மட்டும் தாரும்" என்றேன். என் முகத்தை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கட்டித் தந்தார். பேரத்தில் தோற்ற ஆளின் முகம் எனக்குத் தெரியும்.

இனி, நீ கேட்டதற்கு வருகிறேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

அம்மாவுக்கு ஈரலில் புற்றுநோய். டொக்டர் மூன்று மாதம் என்றார், கூடினால் நாலு. அம்மாவுக்கும் தெரியும். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். சொல்வதில்லை என்றுதான் சத்தியம் செய்தேன், அதனால் எழுதுகிறேன். இது கள்ள யாவாரம்தான், தெரியும்.

அம்மாவுக்கு ஒரு படம் இல்லை. கலியாண அல்பம் தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்தபோது வீட்டோடு போனது. அதற்குப் பிறகு யார் கமராவைத் தூக்கினாலும் முந்தானையால் முகத்தை மூடுவாள். "எடுத்ததெல்லாம் துலைஞ்சு போச்சு, இனி என்னத்துக்கு?" என்பாள். இருப்பது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். அதில் பொலிசுக்குப் பதில் சொல்கிற மாதிரி நிற்கிறாள். அந்த முகத்துக்கு நான் மாலை போட்டு, மிச்சக் காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

உனக்கு மட்டும்தான் அவள் முகம் காட்டுவாள். வந்து ஒரு படம் எடு. பிள்ளையையும் கூட்டி வா. நீங்கள் இரண்டு பேர் மட்டும் வரவேண்டும். அவன் வேண்டாம். அந்தப் பேச்சில் மாற்றமில்லை.

அப்பா


மயிலிட்டி
27.02.2024

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு நாளாக வைத்துக்கொண்டு இருந்தேன். முதல் நாள் வாசித்தபோது, அம்மா என்ற இடத்துக்கு மேல் கண் போகவில்லை. மிச்சத்தை எமில்தான் வாசித்துச் சொன்னார். "அவன் வேண்டாம்" என்ற வரியையும் அவரே சத்தமாக வாசித்தார், ஒரு சொல்லும் விடாமல். வாசித்துவிட்டு, "நீ போயிட்டு வா, நிவே. அம்மாவெல்லோ" என்றார்.

நான் போகமாட்டேன் என்றேன். அம்மாவிடம் வரமாட்டேன் என்றல்ல, தனிய வரமாட்டேன். இத்தனை வருடம் அவர் இல்லாத மாதிரி நீங்கள் நடந்தீர்கள், சரி. நானும் அப்படி நடந்துகொண்டு அம்மாவுக்கு முன்னால் போய் நின்றால், அம்மா என் முகத்தைப் பார்ப்பாளா?

கமராவைத் திறந்து பார்த்தேன். அப்பா, லென்ஸ் என்பது பையும் கவரும் போல மேலதிகச் சாமான் இல்லை. கமராவின் கண் அது. அது இல்லாமல் நீங்கள் அனுப்பியிருப்பது ஒரு கறுத்த பெட்டி. கடைக்காரர் உங்களைப் பார்த்தது தோற்ற முகத்தோடு இல்லை. லென்ஸ் வேண்டும் என்று நான் எழுதாததும் பிழைதான். கடலுக்குப் போகிறவரிடம் வள்ளம் இருக்கா என்று யாரும் கேட்பதில்லை என்று விட்டுவிட்டேன்.

எமில் அதைப் பார்த்துவிட்டு மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு அந்தப் பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் ரவுணுக்குப் போனார். கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கிற ஜெறோம் என்பவர் அவருடைய கூட்டாளி. அவரிடமிருந்த பழைய லென்ஸ் ஒன்று பொருந்துமா என்று பார்த்து மாட்டிக் கொண்டுவந்தார். நீங்கள் வேண்டாமென்று விட்டதை, நீங்கள் வேண்டாமென்று சொன்னவர்தான் கொண்டுவந்தார். இதைக் குத்திக் காட்ட எழுதவில்லை. இல்லை, குத்திக் காட்டத்தான் எழுதுகிறேன்.

கமரா இருக்கிறது. நானும் இருக்கிறேன். வருவதென்றால் மூன்று பேர் வருவோம். பதில் எழுதுங்கோ. நாள் இல்லை அப்பா.

நிவேதனா


கொடிகாமம்
01.03.2024

மகளுக்கு,

லென்ஸ் விசயத்தில் நான் மடையன். ஒத்துக்கொள்கிறேன்.

மற்ற விசயத்தில் நான் சொன்ன சொல்லை ஊர் முழுக்கக் கேட்டது. "அவன்ரை கால் என்ரை வளவுக்குள்ளை படாது" என்று சந்தையில் நின்று, ஆட்களுக்கு முன்னால் சொன்னேன். இந்தச் சந்தையில் ஒன்றுமில்லாமல் வந்து, சொன்ன சொல்லை வைத்துத்தான் ஆளானேன்.

அம்மாவுக்குக் கீரிமலைத் தீர்த்தக் கேணியில் ஒருதரம் தோய வேண்டுமாம். சிவராத்திரிச் சனம் கலைந்த பிறகு, 10ஆம் திகதி ஞாயிறு காலை எட்டு மணிக்கு வான் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிறேன். கீரிமலை என் வளவு இல்லை. அங்கே யாரும் வரலாம், யாரும் நிற்கலாம். யார் வந்தார்கள் என்று நான் கேட்கமாட்டேன். உன் வீட்டிலிருந்து பக்கம்தானே.

இதற்கு மேல் இறங்க எனக்குத் தெரியவில்லை.

அப்பா


மயிலிட்டி
12.03.2024

அன்பின் அப்பாவுக்கு,

இத்துடன் மூன்று படங்கள் வைத்திருக்கிறேன். நீங்கள் வானுக்குள்ளேயே இருந்துவிட்டதால் நடந்ததையும் எழுதுகிறேன்.

பெண்கள் கேணியில் அம்மாவை நான்தான் பிடித்துத் தோயவைத்தேன். தோள் எலும்பு என் உள்ளங்கைக்குள் அடங்கியது. "என்னடி, மீன் வாங்கிற மாதிரித் தடவிப் பாக்கிறாய்" என்றாள். நான் தண்ணீருக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

வெளியே எமில் துவாயும் பிள்ளையுமாக நின்றார். கடற்கரைப் பக்கப் படியில் அம்மாவை நிறுத்தினேன். நான் கமராவை எடுத்தவுடனே வழக்கம்போல முந்தானை மேலே போனது. கெஞ்சி இரண்டு படம் எடுப்பதற்குள் திரும்பவும் மூடிக்கொண்டாள், காலும் தள்ளாடியது. எமில் பிள்ளையை இறக்கிவிட்டு, பின்னால் வந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். அம்மா அவரைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, கடலுக்குப் போற நீங்கள் உண்மையா நீந்துவியளோ, இல்லாட்டி வலையைப் பிடிச்சுக்கொண்டு மிதக்கிறதோ?" என்று கேட்டாள். அவர் சொன்னார்: "எனக்குத் தண்ணியெண்டால் பயம் மாமி. அதுதான் வள்ளத்துக்குள்ளை ஏறி இருக்கிறனான்." அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். முந்தானை கையிலிருந்து விழுந்ததுகூடத் தெரியாமல் சிரித்தாள். அப்போது எடுத்தேன்.

முதல் இரண்டு படங்களும் பரவாயில்லை, அம்மா எங்களுக்காகப் பொறுத்துக்கொண்டு நிற்கிறாள். மூன்றாவதுதான் அம்மா. அதில் எமிலின் கை தோளில் இருக்கிறது. முகம் இல்லை, கை மட்டும். உங்களுக்குக் கரைச்சலாக இருக்கும். கம்பியூட்டரில் அதை அழிக்கலாம், எனக்கும் தெரியும். ஆனால் நான் அழித்துத் தரமாட்டேன். வேறு யாரிடமாவது கொடுத்துச் செய்யுங்கோ.

நிவேதனா


கொடிகாமம்
05.05.2024

அன்புள்ள மகள் நிவேதனாவுக்கு,

அம்மா போய் இன்றைக்குப் பதினாலாம் நாள். வீட்டில் சத்தம் இல்லை. நான் சந்தைக்குப் போகத் தொடங்கிவிட்டேன், ஆனால் வெங்காயத்தைக் கையில் எடுத்தால் விலை நாக்கில் வருகுதில்லை.

ஒன்றை நீ என்னிடம் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் எழுதுகிறேன். பத்திரிகைக்கு மரண அறிவித்தல் எழுதிக் கொடுத்தது நான்தான். "நிவேதனாவின் பாசமிகு தாயாரும், தாரிகாவின் அன்பு அம்மம்மாவும்" என்று போனது. இடையில் "எமில்ராஜின் அன்பு மாமியாரும்" என்று வந்திருக்க வேண்டும். அவசரத்தில் விடுபட்டுப் போச்சு என்று கேட்ட ஆட்களுக்குச் சொன்னேன். விடுபடவில்லை. எழுதிப்போட்டு, வெட்டினேன். நீ அந்தப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்த கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாய். ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன்.

செத்த வீட்டன்று அவரை வளவுக்குள் வரவேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் வந்து என் கண்ணில் படாமல் பந்தலுக்குக் கயிறு கட்டிக்கொண்டு நின்றார். சுடலையில் கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். நாலு அடி வைத்ததும் எனக்குக் கால் மடிந்தது. பின்னாலிருந்து ஒருவர் முழங்கையைப் பிடித்தார். திரும்பக் கூடாது என்பதால் யாரென்று பார்க்கவில்லை. மூட்டை தூக்குகிறவர்களின் கைகளை நாற்பது வருடமாகப் பார்த்தவன் நான். இது கயிறு இழுத்த கை. உதறவில்லை. வாசல் வரைக்கும் அப்படியே நடந்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்கிற நினைவுக் கல்வெட்டுப் புத்தகத்துக்காக நேற்று அச்சகத்துக்குப் போனேன். மூன்று படத்தையும் மேசையில் வைத்தேன். அச்சுக்காரர் மூன்றாவதை எடுத்தார்.

"இதுதான் ஐயா படம். தோளிலை ஒரு கை கிடக்கு, அதை அழிச்சுவிடுறன்."

"கிடக்கட்டும்."

"ஆற்றை கையெண்டு ஆக்கள் கேப்பினம்."

"மருமகன்ரை எண்டு சொல்லும்."

என் வாயால் அந்தச் சொல் வந்தது. அச்சுக்காரருக்கு அது ஒரு புதுமையும் இல்லை. அவர் குனிந்து எழுதிக்கொண்டே, "மருமகன்ரை தாய் தேப்பன் பேர் சொல்லுங்கோ, சம்பந்தியெண்டு போடவேணும்" என்றார்.

எனக்குத் தெரியாது. நாலு வருடத்தில் ஒருநாளும் கேட்கவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, மூக்குக் கண்ணாடியை விட்டுவிட்டு வந்தேன், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

பேரை நீ எழுதி அனுப்ப வேண்டாம். அந்தியேட்டி 22ஆம் திகதி. சம்பந்தி வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்ல வேண்டும், கடிதத்திலோ போனிலோ சொல்கிற காரியமில்லை அது. வருகிற ஞாயிறு மயிலிட்டிக்கு வருகிறேன். அவர்களிடமே பேரைக் கேட்டுக்கொள்கிறேன்.

என்னை உள்ளே எடுப்பார்களா என்று மட்டும் எமிலிடம் கேட்டு எழுது. மாட்டோம் என்றால் அதிலும் நியாயம் இருக்கிறது. வாசல் படலையில் நின்று சொல்லிவிட்டு வருகிறேன்.

அப்பா