ஏழாம் படியை அறுக்க அனுமதி வேண்டி

அனுப்புநர்:
கோபினா எசில்ஃபி,
பள்ளிக் கட்டடத்தின் வரலாறு அறிந்தவர்,
எசுவாக்ரோம்.

பெறுநர்:
பழங்கட்டடப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
மாவட்ட அலுவலகம்.

பொருள்: மாடிப்படியில் ஆசிரியை சிக்கியிருத்தல் – படியை அறுக்க உடனடி அனுமதி கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இது நடக்கும் என்று மூன்று வருடம் முன்பே சொன்னவன் நான். தேதி ஒன்றைத்தான் சொல்லவில்லை.

1. இன்று காலை ஒன்பது மணிக்கு, என் தங்கை மகளும் ஆறாம் வகுப்பு ஆசிரியையுமான அராபா, பிள்ளைகளை மாடிக்கு அனுப்பிவிட்டுப் பின்னால் ஏறினாள். ஏழாம் படி பிளந்து, வலது கால் தொடைவரை உள்ளே போய்விட்டது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. வேறு படிக்கட்டும் கிடையாது. இருப்பதும் ஓராள் அகலம். ஆக, மேலே நாற்பத்து மூன்று பிள்ளைகள் அடைபட்டுள்ளனர். ஜன்னல் வழியாகக் கயிறு கட்டிக் கூடையில் கென்கி என்னும் சோளமாவு உருண்டை ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

2. கட்டடத்தைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு முழ மண்சுவர், சிப்பி சுட்ட சுண்ணாம்புப் பூச்சு. பீரங்கிக் குண்டு பட்டால் குண்டுதான் மன்னிப்புக் கேட்கும். முன்தாழ்வாரத்தில் எட்டு வளைவுகள்; ஒன்பது என்றாலும் தகும். படிக்கட்டை மட்டும் கறையான் தின்றுவிட்டது.

3. தச்சர் குவான்சா ரம்பத்தோடு வந்தார். தங்கள் காவலர் படிக்குக் குறுக்கே நின்றுகொண்டார். "ஆளுநர் மிதிச்ச படிங்க. எழுத்து இல்லாம ரம்பம் பட்டா என் வேலை போயிடும்."

"அவரு கால் போயி எழுபது வருசமாச்சு. இந்தப் பொண்ணு கால் இப்ப மாட்டியிருக்கு, அதைப் பாருய்யா!" என்றார் தச்சர்.

காவலர் மேல் தவறில்லை. ஏழாம் படியில் இருக்கும் பள்ளம் 1897-இல் ஆளுநரின் பூட்ஸ் பதித்தது என்று தங்கள் பலகையே சொல்கிறது. அந்தத் தகவலைத் தங்கள் அலுவலகத்துக்குத் தந்தவன் அடியேன்.

4. கால் வீங்குகிறது. இதுவரை எழுதியதை நான் உரக்கப் படித்துப் பார்த்தபோது அராபா கத்தினாள்: "மாமா, வளைவை எண்ணினது போதும்! அம்மா எனக்கு எல்லாம் சொல்லியிருக்காங்க. பள்ளத்தைப் பத்தி எழுதுங்க!"

ஆகவே, 'அறுக்கலாம்' என்று ஒரே சொல் எழுதி, இதைச் சைக்கிளில் கொண்டுவருபவரிடமே கொடுத்தனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

பள்ளத்தைப் பற்றி: என் தந்தை இங்கே மணியடித்தவர். சனிக்கிழமைகளில் நானும் என் தங்கையும் அந்தப் படியில் வைத்துத்தான் கல்லால் செம்பனைக் கொட்டை உடைப்போம். ஆளுநர் இந்த ஊருக்கே வந்ததில்லை.

இடம்: எசுவாக்ரோம், படிக்கட்டின் அடி
நாள்: 14.10.1971, பகல் 11.40

கோபினா எசில்ஃபி
(கையொப்பம்)